அலைக்கும் கோப்பைக்கும் ஒரே தண்ணீர்

சான் டியேகோவில் மாலை நேரங்களில் அலைச்சறுக்கிவிட்டு கிராஃப்ட் பீர் சுவைக்கப் போகும் தமிழ் நண்பர்களுக்கு,

செப்டம்பர் முதல் திங்களன்று தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் உங்கள் ஊர்க் கடற்கரைகளில் கூட்டம் கலையத் தொடங்கும். கடல் மட்டும் அப்போதுதான் பதத்துக்கு வந்திருக்கும். தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டி வெதுவெதுப்பாக இருக்கும். தென் அரைக்கோளத்துக் குளிர்காலப் புயல்கள் கிளப்பிவிட்ட நீண்ட அலைகள் பசிபிக்கைக் கடந்து வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். பிற்பகலெல்லாம் கரையை நோக்கி வீசிக் கடலைக் கலைத்துப்போட்ட காற்று, பொழுது சாயும்போது அடங்கும். நீர்ப்பரப்பு எண்ணெய் பூசியதுபோல் மழுமழுவென்று ஆகும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் அலுவலகம் முடிந்த கையோடு டூர்மலினுக்கும் ஓஷன் பீச்சுக்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். இருட்டியபின் காதில் கடல்நீர் உலராமலே ஏதாவதொரு மதுவடிப்பாலையின் சுவைக்கூடத்தில் போய் உட்கார்ந்து, சின்னச் சின்னக் கோப்பைகளில் நான்கைந்து வகையை வரிசையாக வைத்து ருசி பார்க்கிறீர்கள். ஒரு பெருநகரத்தின் உழைப்பு நாளை இதைவிட நிறைவாக முடிக்கும் வழிகள் குறைவு. இந்த இரண்டு இன்பங்களும் ஒரே குழாயில் கோக்கப்பட்டவை, அந்தக் குழாயின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில் மற்ற எவரையும்விட உங்களுக்கு அதிகப் பங்கு உண்டு என்று சொல்லத்தான் இந்த மடல்.

பீரில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். வாற்கோதுமையையும் ஹாப்ஸையும் ஈஸ்டையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் ரசிகர்கள்கூடத் தண்ணீரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பீரின் வரலாற்றைத் தண்ணீர்தான் பிரித்துக் கொடுத்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் கரைந்திருந்ததால் அங்கே ஹாப்ஸின் கசப்பு கூர்மையாக எழுந்த வெளிர் ஏல்கள் பிறந்தன. பொஹீமியாவின் பில்சனில் உப்பே இல்லாத மென்னீர் ஓடியதால் அந்த இளமஞ்சள் லாகர் பிறந்தது. சான் டியேகோவுக்கு அப்படிச் சொந்தமாகச் சொல்லிக்கொள்ள ஊற்று எதுவும் இல்லை. அது வறண்ட ஊர். குடிநீரின் பெரும்பகுதி கொலராடோ ஆற்றிலிருந்தும் வட கலிஃபோர்னியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய்களில் வருகிறது. வீட்டிலேயே பீர் வடிப்பதை 1978-இல் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் அனுமதித்த பின் அங்கேயும் 1989-இல் கார்ல் ஸ்ட்ராஸ், 1996-இல் ஸ்டோன் என ஆலைகள் முளைத்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் நிற்கும் அந்த மாவட்டம், கடன் வாங்கிய தண்ணீரில் தன் பெயரைச் சம்பாதித்த ஊர். இதை இழுக்காகச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அங்கே எப்போதும் திறந்தே கிடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பாயிண்ட் லோமா முனையில் 1963 முதல் இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் நகரத்துக் கழிவுநீரின் பெரும்பகுதியை வாங்கி, திடப்பொருள்களை வடித்து, ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே, சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் பசிபிக்கில் விடுகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் கட்டாயமாகச் செய்யும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு அங்கே இல்லை. சட்டத்திலிருந்து விலக்கு வாங்கியே பல ஆண்டுகளாகக் காலம் ஓடுகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்து வந்த தண்ணீரை ஒரே ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கடலில் கொட்டும் இந்த வழக்கத்தை மாற்றத்தான் நகரம் பியூர் வாட்டர் திட்டத்தைக் கையில் எடுத்தது. கட்டுமானம் 2021-இல் தொடங்கியது. முதல் கட்டத்தின் இலக்கு நாளொன்றுக்கு 11 கோடி லிட்டருக்குச் சற்று மேல். 2035-க்குள் நகரத்துத் தண்ணீரில் ஏறக்குறையப் பாதியை இப்படியே பெறுவது திட்டத்தின் மொத்தக் கனவு. கழிவுநீர் ஓசோன், உயிர்வினைக் கரி வடிகட்டி, நுண்சவ்வு, நம் வீடுகளில் ஆர்.ஓ. என்று சொல்லும் எதிர்ச் சவ்வூடு பரவல், புறஊதாக் கதிரோடு சேர்ந்த ஆக்சிஜனேற்றம் என்ற ஐந்து படிகளைக் கடந்து மிராமர் நீர்த்தேக்கத்துக்குப் போகும். அங்கிருந்து வழக்கமான குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு உள்ளாகிக் குழாய்க்கு வரும். மிராமர் என்ற பெயரை நீங்கள் அறிவீர்கள். ஆலைகள் நெருக்கியடித்து நிற்பதால் 'பீராமர்' என்று ஊரே செல்லமாக அழைக்கும் வட்டாரம் அது. கடலுக்குள் போய்க்கொண்டிருந்த நீர் அந்த வட்டாரத்து ஏரியில் வந்து சேரும் இந்தத் திருப்பத்தில்தான் உங்கள் அலையும் உங்கள் கோப்பையும் சந்திக்கின்றன.

ருசி கெட்டுவிடாதா என்று முதலில் கேட்பீர்கள்; கேட்கத்தான் வேண்டும். வடிப்பவரின் கண்ணோடு பார்த்தால் விடை எளிது. கொலராடோ நீர் கடினநீர். பாறைகளைக் கரைத்துக்கொண்டு வருவது, பருவத்துக்குப் பருவம் மாறுவது. ஆர்.ஓ. கடந்த நீரில் அநேகமாக எதுவும் இருக்காது. அதில் ஜிப்சம் சேர்த்தால் மேற்குக் கரை ஐபிஏ பீரின் வறண்ட கூர்மை கிடைக்கும். கால்சியம் குளோரைடு சேர்த்தால் வாய் நிறையும் மென்மை கிடைக்கும். ஒன்றும் சேர்க்காமல் விட்டால் பில்சனுக்குப் பக்கத்தில் போகலாம். பல ஆலைகள் இப்போதே செலவழித்து, வந்த தண்ணீரைத் தாங்களே ஆர்.ஓ.வில் வடித்துக்கொள்கின்றன. வெற்றுத்தாளில் எழுதுவது எழுதிய தாளை அழித்து எழுதுவதைவிட நல்லதுதானே. இது வெறும் கணக்கு இல்லை, செய்தும் பார்த்திருக்கிறார்கள். 2017 மார்ச்சில் ஸ்டோன் ஆலை, நகரத்தின் செயல்விளக்க நிலையத்தில் சுத்திகரித்த நீரில் ஃபுல் சர்க்கிள் என்ற வெளிர் ஏலை வடித்தது. சிங்கப்பூரில் 2018-இல் நீர்வள வாரியமும் பிரூவர்க்ஸ் ஆலையும் சேர்ந்து நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீரில் நியூபிரூ பீரைத் தந்தன. சான் ஃபிரான்சிஸ்கோவில் வானுயர்ந்த ஒரு குடியிருப்பின் குளியலறையிலும் சலவைப் பொறியிலும் ஓடிய நீரைச் சுத்திகரித்து 2022-இல் கோல்ஷ் வகை பீர் வடித்து, ஆயிரக்கணக்கான டப்பாக்களில் அடைத்தார்கள். கிராஃப்ட் பீர் ரசிகரின் நாக்கு சும்மா விடாது. குறையிருந்தால் இந்த முயற்சிகள் முதல் கோப்பையிலேயே முடிந்திருக்கும்.

இருந்தாலும் மனம் ஒப்புவதில்லை. 1990-களில் சான் டியேகோ இதே யோசனையை ஒருமுறை முன்வைத்தது. கழிப்பறையிலிருந்து குழாய்க்கு என்று எதிர்ப்பாளர்கள் சூட்டிய ஒரே ஒரு பெயர் அதை அந்தப் பத்தாண்டு முடியும் முன்னரே கொன்றது. அந்தப் பெயரில் அறிவியல் வாதம் எதுவும் இல்லை. அருவருப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. அருவருப்பை ஆராய்ந்த உளவியலாளர் பால் ரோசின், முற்றிலும் நுண்ணுயிர் நீக்கிய கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் தொட்டு எடுத்தாலும் மக்கள் அந்தச் சாற்றைக் குடிக்க மறுப்பதைக் காட்டியவர். பிறகு மறுசுழற்சி நீரைப் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் குடித்துப் பார்க்கத் தயார். முடியவே முடியாது என்றவர்கள் சிறு பகுதி. மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவே. அந்த நடுவிலிருப்பவர்களை அசைப்பது அட்டவணைகள் அல்ல. தம்மைப் போன்ற ஒருவர் விரும்பிக் குடிப்பதைப் பார்ப்பதுதான்.

தமிழில் இதைச் சொல்ல நமக்குத் தனியாகவே இரண்டு சொற்கள் இருக்கின்றன: அழுக்கு, தீட்டு. அழுக்கு கழுவினால் போய்விடும். அதை அளக்கலாம், வடிகட்டலாம், போய்விட்டதா என்று சோதிக்கலாம். தீட்டு கழுவினாலும் போகாது. அது பொருளில் ஒட்டியிருப்பதில்லை, அந்தப் பொருள் எங்கே இருந்தது, யார் தொட்டது என்ற நினைவில் ஒட்டியிருப்பது. ஐந்து படி தாண்டிய தண்ணீரை மறுக்கும்போது நாம் அழுக்கைப் பற்றிப் பேசுவதில்லை, தீட்டைப் பற்றியே பேசுகிறோம். கிணற்றிலும் குவளையிலும் தீட்டுப் பார்த்த ஒரு சமூகம் சக மனிதர்களுக்கு என்ன செய்தது என்பதை அறிந்த நமக்கு அந்த உணர்ச்சியை அடையாளம் காண்பது கடினமாக இருக்கக்கூடாது. தண்ணீரின் முற்பிறவியைத் தேடிப் போனால் எந்தத் தண்ணீரும் தேறாது. லாஸ் வேகஸ் நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரித்து மீட் ஏரியில் விடுகிறது. அந்த ஏரியைக் கடந்து வரும் கொலராடோ நீரைத்தான் சான் டியேகோ பல்லாண்டுகளாகக் குடிக்கிறது, அதில்தான் உங்களுக்குப் பிடித்த ஐபிஏ வடிக்கப்பட்டது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நேராகவே குடிநீரில் கலந்து குடித்துவருகிறது. உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான ஆரஞ்சு கவுண்டி 2008-லிருந்து நிலத்தடியில் செலுத்தி எடுக்கிறது. இன்று அதன் திறன் நாளுக்கு 49 கோடி லிட்டர்.

விவரம் தெரிந்த அலைச்சறுக்கர்கள் இதைவிட வலுவான மறுப்பு ஒன்றை வைப்பார்கள். பாயிண்ட் லோமா குழாய் கழிவைக் கரையிலிருந்து வெகுதூரத்தில், ஆழத்தில் விடுகிறது. நாங்கள் சறுக்கும் அலையை அது தொடுவதே இல்லை, பிறகு இந்தத் திட்டத்தால் எங்கள் கடலுக்கு என்ன வந்தது என்பது அந்தக் கேள்வி. சாதாரண நாள்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் 1992-இன் தொடக்கத்தில் அந்தக் குழாய் கரைக்கு அருகிலேயே உடைந்து, இரண்டு மாதங்களுக்குக் கழிவு ஆழமற்ற நீரில் கொட்டியது. கடற்கரைகளை மூட வேண்டியதாயிற்று. ஒரு நகரத்துக் கழிவின் பெரும்பகுதியை ஒரே குழாயை நம்பிக் கடலுக்கு அனுப்பும் ஏற்பாடு அந்தக் குழாய் ஒழுங்காக இருக்கும்வரைதான். அதில் போகும் அளவு குறையக் குறைய ஆபத்தின் அளவும் குறைகிறது. ஆர்.ஓ. பிரித்தெடுக்கும் உப்பு மிகுந்த மிச்சநீர் கடலுக்குத்தான் போகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிரச்சினை தீர்ந்துவிடும் என்று இந்தத் திட்டம் சொல்லவில்லை. சுமையைக் குறைக்கும், அதோடு குடிக்கத் தண்ணீரும் தரும். பாயிண்ட் லோமா நிலையத்தை மட்டும் மேம்படுத்தியிருந்தால் செலவு பெரிதாக இருந்திருக்கும், ஒரு துளி குடிநீர்கூடக் கிடைத்திருக்காது.

அழுக்குக் கடலில் இறங்குவதால் என்ன ஆகிறது என்பதற்கு உங்கள் ஊரிலேயே, உங்களைப் போன்றவர்களிடமே எடுத்த கணக்கு இருக்கிறது. 2013 முதல் 2015 வரையான இரண்டு குளிர்காலங்களில் 654 அலைச்சறுக்கர்களைப் பின்தொடர்ந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடல் நாள்களைப் பதிந்த ஆய்வு அது. கடலில் இறங்காத நாள்களோடு ஒப்பிட்டால் வறண்ட நாள்களில் காதுவலியும் காதுத் தொற்றும் இரட்டிப்புக்கு நெருங்கின. மழை பெய்த மூன்று நாளுக்குள் இறங்கியவர்களுக்கு மூன்று மடங்கைத் தாண்டின. திறந்த காயம் சீழ்ப்பிடிப்பது அதைவிட அதிகம். மழைக்குப் பின் 72 மணி நேரம் இறங்காதீர்கள் என்ற மாவட்ட அறிவிப்பு ஏதோ சம்பிரதாயம் இல்லை என்று இதிலிருந்து தெரியும். செப்டம்பர் மாலைகள் வறண்டவை; அக்டோபரிலோ நவம்பரிலோ முதல் மழை வந்து கோடை முழுக்கத் தெருவில் சேர்ந்ததைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை உங்களுக்கு அவகாசம் உண்டு.

தெற்கே அந்த அவகாசமும் கிடையாது. இம்பீரியல் பீச்சின் கடற்கரை 2021 டிசம்பரில் மூடப்பட்டு, தொடர்ந்து ஆயிரம் நாள்களைக் கடந்தும் மூடியே கிடந்தது. மெக்சிகோ எல்லைக்கு அப்பால் டிஹுவானா நகரம் தன் குழாய்களைவிட வேகமாக வளர்ந்தது. மழைக்காலத்தில் டிஹுவானா ஆறு அந்த நகரத்தின் கழிவைக் கொண்டுவருகிறது. கோடையில் வேறு வழி. எல்லைக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் புன்டா பண்டேரா என்ற இடத்தில் கடலில் விடப்பட்ட கழிவைத் தென் அலைகள் வடக்கே தள்ளிவருவதை ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021-இல் கணினி மாதிரிகளால் காட்டினார்கள். கோடை முடிவில் நீங்கள் ஆசையாகக் காத்திருக்கும் அதே தென் அலை, உங்கள் அண்டை ஊர்க் குழந்தைகளின் கரைக்குச் சாக்கடையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த ஒன்றை அறிந்தபின் அந்த அலையில் பழைய மனத்தோடு ஏறி நிற்க முடியாது என்று நினைக்கிறேன். அலையடித்துத் தெறிக்கும் நுண்துளிகளில் கழிவின் பாக்டீரியாக்கள் காற்றிலும் ஏறுவதை அதே நிறுவனத்தார் 2023-இல் கண்டறிந்தார்கள். கடலில் இறங்காதவர்களும் தப்பவில்லை. பியூர் வாட்டர் திட்டம் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. அது வேறு ஆறு, வேறு அரசு, வேறு நிலையம். ஆனாலும் எல்லையோரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் 2025-இல் உயர்த்தப்பட்டதும், அதே ஆண்டு ஜூலையில் இரு நாடுகளும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், இம்பீரியல் பீச் மக்கள் ஆண்டுக்கணக்கில் கத்திய கத்தலின் பின்னால் வந்தவை. வடக்கே நல்ல அலையில் சறுக்குபவர்கள் அந்தக் குரலோடு சேர்ந்தால் அது இரட்டிப்பாகும்.

செலவைப் பற்றிய மறுப்பை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. முதல் கட்டத்துக்கு மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் ஆகிறது. தண்ணீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. மாவட்டத்தில் தண்ணீர்ப் பயன்பாடு குறைந்துவிட்டது, கார்ல்ஸ்பாடில் 2015 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் ஓடுகிறது, பிறகு ஏன் இது என்று கேட்பவர்கள் வாடகை வீட்டில் மாதக் கட்டணத்தை எண்ணிப் பார்ப்பவர்கள். இரண்டாம் கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற விவாதம் நியாயமானதே. என் நிலை இது: கொலராடோ நீரைப் பங்கிடும் 2007-இன் விதிகள் 2026-உடன் முடிகின்றன, ஆற்றில் நீர் குறைந்துகொண்டே வருகிறது. இன்று உபரியாகத் தெரியும் தண்ணீர் பிறருடைய ஆற்றில் இருப்பது. மிராமருக்கு வரும் தண்ணீர் ஊரிலேயே பிறப்பது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதைவிட அதிக மின்சாரம் வேண்டும், அந்த வழியில் கடலில் விழும் கழிவும் குறையாது. கட்டணச் சுமை ஏழை வீடுகளின் மேல் விழாதபடி பங்கிட வேண்டும் என்று கேளுங்கள். திட்டமே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள்.

கடற்கரையையும் மதுவையும் ஏன் சேர்த்துப் பேசுகிறாய் என்று சிலர் வருந்தலாம். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. 2007-இன் தொழிலாளர் தினத்தன்று பசிபிக் பீச்சில் குடித்த கூட்டம் கலவரத்தில் இறங்கியது. 2008 ஜனவரியில் நகரம் கடற்கரைகளில் மதுவைத் தடை செய்தது. அந்த நவம்பரில் மக்களே வாக்களித்து அதை நிரந்தரமாக்கினார்கள். சரியான முடிவு. குடித்துவிட்டு அலையில் இறங்குவது தன் உயிரோடும் பக்கத்தில் சறுக்குபவரின் உயிரோடும் விளையாடுவது. குடித்துவிட்டு வண்டியோட்டுவதும் அப்படியே. அலை முதலில், கோப்பை பிறகு, சாவி வேறொருவர் கையில் என்ற உங்கள் ஒழுங்கை நம்பித்தான் எழுதுகிறேன். அந்த வாக்கெடுப்பை இங்கே நினைவூட்ட இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரைக்காகத் தம் வசதி ஒன்றை விட்டுக்கொடுக்கக்கூடிய மக்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். இப்போது விடவேண்டியது ஓர் அருவருப்பை மட்டுமே.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை சுவைக்கூடத்தில் உட்காரும்போது, ஹாப்ஸ் எந்தத் தோட்டத்தது என்று கேட்கும் அதே ஆர்வத்தோடு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மிராமர் நீரில் வடித்த பீர் கிடைத்தால் அதை வாங்கி, அது என்ன நீர் என்பதை மேசையிலிருப்பவர்களுக்கு உரக்கச் சொல்லிக் குடியுங்கள். அதை மறைக்காமல் பலகையில் எழுதிவைக்கும்படி ஆலைக்காரர்களை வற்புறுத்துங்கள். நகரமன்றத்தில் இரண்டாம் கட்டமும் கட்டணமும் விவாதத்துக்கு வரும் நாளில், ஓர் அலை மாலையை விட்டுவிட்டு அங்கே போய் இரண்டு நிமிடம் பேசுங்கள்; பொறியாளர்களாக உங்களில் பலர் நன்றாகப் பேசுவீர்கள். ஊருக்குத் தொலைபேசும்போது இதையும் சொல்லுங்கள். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள்; குடிக்கத் தருவதைப் பற்றிய பேச்சு வரும்போது அங்கேயும் இதே தீட்டுதான் குறுக்கே நிற்கும். கோவளத்தில் மீனவ இளைஞர்கள் பலகையோடு இறங்கும் கடலுக்கு வடக்கே அடையாறும் கூவமும் விழுகின்றன. உங்கள் அப்பா அம்மாவிடம், நான் இங்கே அப்படிச் சுத்திகரித்த தண்ணீரைத்தான் குடிக்கிறேன், நன்றாகவே இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை எந்த அரசு விளம்பரமும் ஈடுகட்ட முடியாது.

முதல் மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. தென் அலை வரும் மாலைகளில், இறங்கும் முன் இம்பீரியல் பீச்சின் அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கடலையும் உங்கள் கோப்பையையும் மதிக்கும் ஒருவர்